இந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

வெளிக்கள வேலைக்குப் போகுமுன் நீங்கள் வாசிப்பதற்கு நான் ஏதாவது அறிவுரை எழுதித் தரவேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அறிவுரையை ஒருவரும் வாசிப்பதில்லை. நான் சேர்ந்தபோது எனக்கும் ஒரு கட்டு தந்தார்கள். அதை மடித்து வைத்து மேசைக் காலின் ஆட்டத்தை நிறுத்தினேன். ஆகவே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கையில் இப்போது கணினிப் பலகை இருக்கிறது. பொருந்தாத விடையை அடித்தால் திரை சிவந்துபோய் உங்களைத் தடுக்கும். சில வருடங்களுக்கு முன்வரை கிளிநொச்சியில் அந்தச் சிவந்துபோகிற வேலையை நான்தான் பார்த்தேன்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் போகிற பக்கத்தில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஒருவர் சொன்ன விடையை இன்னொருவருக்குச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கியதும் அந்தச் சத்தியம் முடிந்துவிடாது. இந்தக் கதையை அந்த ஊர்க்காரரே தேநீர்க் கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

குடும்பங்களின் வருமானம், செலவு பற்றிய கணக்கெடுப்பு அது. அதில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? வாடகை வீட்டில் இருப்பவரிடம் என்ன கொடுக்கிறீர்கள் என்று நேரே கேட்கலாம். சொந்த வீட்டில் இருப்பவர் ஒருவருக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை. அவருடைய வீட்டுக்கும் ஒரு மதிப்புப் போடாவிட்டால், நாட்டின் கணக்கில் வன்னிச் சனம் முழுவதும் மரத்துக்குக் கீழே படுத்து எழும்புவதாக வரும். அதற்காகத்தான் கேட்கிறோம். நல்ல கேள்வி. அதைக் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நேரில் கண்டால் மட்டும் இரண்டு வார்த்தை சொல்வேன்.

அந்த ஊருக்குப் போனவர் நிரோஜன் என்கிற வெளிக்கள உத்தியோகத்தர். பட்டம் முடித்த கையோடு வந்தவர், கெட்டிக்காரர். ஊர்ப் புதினம், சுகநலம் கதைக்கத் தெரியாது என்பது ஒன்றே குறை. படிவத்தில் எப்படி அச்சடித்திருக்கிறதோ அப்படியே கேட்பார், சொன்னதை எழுதுவார், எழும்பிப் போய்விடுவார். அன்றைக்கென்று அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கெஞ்சி ஒரு வெள்ளை ஜீப் வாங்கி அதில் அவரை அனுப்பினோம். ஜீப் கிடைத்த சந்தோசத்தில் நான்கூட அதைப் பற்றி வேறு எதையும் யோசிக்கவில்லை.

படிவங்கள் என் மேசைக்கு வந்தன. காலையில் முதலாவதாகப் போன வீட்டில் நம்பக்கூடிய ஒரு தொகை. அடுத்த வீட்டில் அதைவிட நன்றாகக் கூடிய தொகை. மத்தியானத்துக்குப் பிறகு சொன்ன தொகைகளுக்குக் கொழும்பில் கடலைப் பார்த்தபடி மாடிவீடு எடுக்கலாம். அந்த வீடுகளில் ஒன்றுக்குச் சுவர் இன்னும் பூசவில்லை என்று அதே படிவத்தில் இருந்தது. வீட்டின் பெருப்பத்தோடு தொகை ஏறவில்லை. பொழுது ஏற ஏறத்தான் ஏறியது.

"தம்பி, உந்த ஊருக்குக் கடல் ஏதும் வந்திட்டுதோ?" என்று நிரோஜனைக் கேட்டேன். அவர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு கேள்வி இதில் இல்லை, மேடம் என்றார்.

தலைமையகத்தில் இருந்தும் கேட்டார்கள். சனம் பொய் சொல்கிறது போலிருக்கிறது, அந்த ஊரை அப்படியே தூக்கி எறிந்துவிடலாமா என்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பிள்ளைகளே, ஒரு விடை விசித்திரமாக இருந்தால் சொன்னவரைப் பொய்யர் என்று எழுதுவதற்கு முதல், நாங்கள் அவருடைய வாசலில் எந்தக் கோலத்தில் போய் நின்றோம் என்று பாருங்கள். அடுத்த நாள் நிரோஜனை என்னுடைய ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அவருக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

ஊருக்குள் நுழைந்தால் பெயின்ற் மணக்கிறது. தைப்பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது, ஆனால் மதிலுக்கு மதில் வெள்ளையடிக்கிறார்கள். ஒரு வீட்டு வளவில் மாபிள் பெட்டிகள் இறங்குகின்றன. இன்னொரு வளவில் மாட்டுக் கொட்டிலைப் பிரித்து வாகனம் நிறுத்த இடம் செய்கிறார்கள், மாடு வெளியே ஒழுங்கையில் நின்று எங்களைப் பார்க்கிறது. எல்லோரும் எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு அப்படி வரவேற்புக் கிடைத்தால் உடனே பயப்படவேண்டும்.

நிரோஜன் முதலாவதாகப் போன வீடு மனேஜர் அண்ணையின் வீடு. கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பன் குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். வளவின் பின்பக்கம் மனேஜர் அண்ணையும் மனைவியும் இருக்கிற பழைய வீடு. றோட்டுக் கரையில் மகளுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீடு. மகள் கல்யாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள், வீட்டைக் கொண்டுபோக முடியவில்லை. நாங்கள் போனபோது அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். முன்னால் பெட்டி பிரித்தபடி ஒரு கொமட், கதிரை போல இருக்கிற கழிப்பறைக் கோப்பை, பளபளவென்று.

"தங்கச்சி, வெள்ளைக்காரருக்கு இது போதுந்தானே?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யுத்தம் முடிந்த கையோடு தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்காது. வெள்ளை ஜீப் ஒன்று வரும். படிவத்தோடு ஒரு பிள்ளை இறங்கும். எத்தனை அறை, தண்ணீர் எப்படி, கரண்ட் இருக்கிறதா, வாடகைக்குக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்கும். அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு ஜெனரேட்டரும் பெயர்ப்பலகையும் வரும், வீட்டுக்காரர் கொட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு ராசா மாதிரி இருப்பார். மனேஜர் அண்ணையின் றோட்டுக்கரை வீடும் அப்படி ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அந்த வாடகையைப் பற்றி அவர் இன்றைக்கும் சாப்பாட்டுக்கு முதல் தேவாரம் போலச் சொல்வார். எங்கள் நிரோஜன் போய் நின்ற கோலமும் அதுதான். ஜீப், படிவம், அதே கேள்விகள், அதே ஒழுங்கு.

ஒருவரும் வாடகைக்கு வரவில்லை, அண்ணை, இது வெறும் கணக்கெடுப்பு என்று சொன்னேன். அவர் சிரித்தார். உங்களால் இப்போது சொல்ல ஏலாது, எனக்குத் தெரியும் என்றார். முன்பு வந்தவர்களும் கடைசி நாள் வரை ஒன்றும் முடிவில்லை என்றுதான் சொன்னார்களாம். நான் மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை கூடியது. பக்கத்து வளவுக்காரர் எவ்வளவு சொன்னவர் என்று மெதுவாகக் கேட்டார். அதைச் சொல்ல மாட்டேன் என்றேன். அப்படியென்றால் நல்ல தொகைதான் சொல்லியிருக்கிறார் என்று தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார்.

இதுவரை எனக்குச் சிரிப்புத்தான். அடுத்ததாக அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. றோட்டுக்கரை வீட்டில் இருக்கிற குடும்பத்தை மாத முடிவோடு எழும்பச் சொல்லிவிட்டாராம். மேசன் அதற்குப் பிறகு வந்து அறையோடு குளியலறை கட்டுவாராம்.

அந்த வீட்டில் இருந்தவர் சரோஜா. அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கூலிக்கு நின்றவர்கள். வெட்டிய காணி எல்லாம் மற்றவர்களுடையது. புருசன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், அப்போது துணுக்காய்ப் பக்கம் போயிருந்தார். சரோஜா இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்கும், காலைப் பஸ்ஸில் கிளிநொச்சிக் கடைகளுக்கும் கொடுப்பார். பஸ் அவருடைய வாசல் படலையில் நின்று பெட்டியை ஏற்றிப் போகும். பிள்ளைகள் இருவரும் எதிர்ப் பள்ளிக்கூடத்தில். அவருடைய சீவியம் முழுவதும் அந்த றோட்டுக்கரையில்தான் இருந்தது.

நான் போனபோது குசினியின் பின்னால் பெரிய மண் அடுப்புக்கு முன் இருந்தார். தானே குழைத்துக் கட்டிய அடுப்பு. எழும்பி வாங்குப் பலகை ஒன்றைத் துடைத்துப் போட்டார்.

"ஒக்காருங்க மிஸ். அந்தத் தம்பி வந்து கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் சொன்னேன். நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா? அதனாலயா போகச் சொல்றாங்க?"

இல்லை என்றேன், நீங்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்றேன். எங்கே போவதாக யோசிக்கிறீர்கள் என்று கேட்டேன். கூடப்பிறந்த தம்பியின் வீட்டுக்கு, காட்டுக்கரையில், அங்கே பஸ் வராது, தண்ணீரும் தூரம் என்றார். அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "இதத் தூக்கிட்டுப் போக முடியாதுங்களே," என்றார். நிரோஜன் என் பின்னால் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டார், விடையைச் சரியாக எழுதினார். ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது.

உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், கணக்கெடுப்பு ஊரைத் தொடாமல் பார்க்கிற வேலை என்று. நாங்கள் தொட்டுவிட்டோம். இனி எனக்கென்ன என்று திரும்பிப் போக முடியுமா?

இரண்டு நாள் கழித்து கிராம அலுவலரைக் கொண்டு பொதுநோக்கு மண்டபத்தில் ஊரைக் கூட்டினேன். எல்லோரும் வந்தார்கள், வீட்டு உறுதிப் பத்திரத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். நான் எழும்பி நின்று, இது வீடு எடுக்கிற வேலை அல்ல, நாட்டின் பொருளாதாரத்தை அளக்கிற வேலை என்று பொறுமையாக விளங்கப்படுத்தினேன். சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாக எண்ணிக்கொண்டு அந்தத் தொகையை அவருடைய வருமானத்திலும் சேர்த்துப் பார்ப்போம் என்றேன். என் வாழ்க்கையில் அதைவிடத் தெளிவாக நான் அதைச் சொன்னதில்லை.

முன்வரிசையில் மனேஜர் அண்ணை எழும்பினார். "அப்ப வரி வரப்போகுது," என்றார்.

அதற்குப் பிறகு ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நேற்றுவரை மாளிகையாக இருந்த வீடுகள் அந்த மண்டபத்துக்குள்ளேயே இடிந்து விழுந்தன. தன் வீடு மாரியில் ஒழுகும் என்றார் ஒருவர். ஒழுகினால் பரவாயில்லை, என்னுடையதில் பாம்பு இருக்கிறது என்றார் பக்கத்தில் இருந்தவர். மாபிள் வாங்கியவர் அது கோயிலுக்கு வாங்கியது என்றார். நிரோஜனைச் சுற்றி நின்று, தம்பி, அன்றைக்குச் சொன்னதை வெட்டிவிடுங்கோ, இந்த வீட்டிலை வந்து இருக்க நாங்கள்தான் ஆருக்கும் காசு குடுக்கவேணும் என்று கெஞ்சினார்கள்.

வெளியே வந்தால் மனேஜர் அண்ணை படியில் காத்துக்கொண்டு நிற்கிறார். மேசனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வாடகை கூடினால்தானே வரி கூடும், சரோஜா பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்தார்.

நிரோஜன் என் காதுக்குள் சொன்னார்: "விடுங்கோ மேடம். சரோஜாக்காவுக்கு நல்லதாத்தானே முடிஞ்சது."

நானும் போய்விடலாம் என்று ஸ்கூட்டியைக் கிளப்பும் திறப்பைக் கையில் எடுத்துவிட்டேன், மறைப்பானேன். வாயை மூடிக்கொண்டு போனால் அந்த மனுசிக்கு வீடு மிஞ்சும். உண்மையைச் சொன்னால் மேசன் திரும்பி வருவான். ஒரு அரசாங்க உத்தியோகத்தருக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பதைவிடச் சுகமான வேலை வேறு இருக்கிறதா?

ஆனால் அந்தப் படியில் நின்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். வரிக் கதை அடுத்த பஸ்ஸில் அக்கராயனுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு உங்களைப் போல ஒரு பிள்ளை எந்தப் படலையைத் தட்டினாலும், எங்களுக்கு வீடில்லை, வருமானமில்லை, சமைப்பதே இல்லை என்பார்கள். அந்தப் பொய்களைக் கூட்டிப் பிரித்து ஒரு மாவட்டத்துக்கு என்ன தேவை என்று முடிவெடுப்பார்கள். அது ஒன்று. மற்றது எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது. வரி வராது. வராவிட்டால் சில மாதத்தில் மனேஜர் அண்ணையின் பயம் போய்விடும், ஜீப் நினைவு வரும், கொமட் இன்னும் பூட்டாமல் மூலையில் கிடக்கும். அன்றைக்குச் சரோஜாவுக்காகக் கதைக்க நான் அங்கே இருக்க மாட்டேன். பயத்தில் கிடைத்த வீடு பயம் தெளியும்வரைதான்.

திறப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, நிரோஜனையும் கூட்டிக்கொண்டு மனேஜர் அண்ணையின் பின்னால் போனேன். அவருடைய முற்றத்தில் வைத்து நேரே சொன்னேன்.

"அண்ணை, வரி ஒண்டும் வராது. வீடு எடுக்கவும் ஒருத்தரும் வரேல்லை. ரெண்டும் நீங்களாக் கட்டின கதை."

அவருடைய முகம் தெளிந்தது. தெளிந்த முகம் மெதுவாகத் திரும்பி மூலையில் கிடந்த கொமட்டைப் பார்த்தது.

"இப்ப வராட்டிலும் பிறகு ஆரும் வரக்கூடுந்தானே," என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. எங்கே இருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எங்களுடைய கேள்வி எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறது. யார் தருவார்கள் என்று அது கேட்பதில்லை. கொழும்பில் அதைக் கேட்கத் தேவையில்லை, அங்கே வீட்டுக்குப் பத்துப் பேர் நிற்பார்கள்.

"வரட்டும், அண்ணை. ஆர் வருவினம்? பேரைச் சொல்லுங்கோ," என்றேன்.

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். வங்கி மனேஜர் என்று ஒரு விரலை மடித்தார். பிறகு, அவர் கிளிநொச்சி ரவுணில் வங்கிக்கு மேலேயே இருக்கிறார் என்று தானே சொன்னார். ஆஸ்பத்திரி டொக்டர் என்றார், அவருக்கு அரசாங்க விடுதி இருக்கிறது. குளத்து இஞ்சினியர் காலையில் வந்து பின்னேரம் போகிறவர். அதிபருக்குச் சொந்த வீடு. தொண்டு நிறுவனம் என்றபோது குரல் கொஞ்சம் தணிந்தது. கடைசியாக நின்ற நிறுவனமும் வேறு ஒருவருடைய அலுவலகத்தில் ஒரு மேசை போட்டுக்கொண்டு இருப்பது அவருக்கும் தெரியும். அதற்கு மேல் அவருக்குப் பேர் வரவில்லை. விரல் மடித்தபடி நின்றது.

குசினி யன்னலில் இருந்து அவருடைய மனைவி சொன்னார்: "சரோஜாவுக்கு முதல் அதுக்குள்ளை ஆடு நிண்டது. அது வாடகை தரேல்லை."

பயிற்சி நூலில் வாடகைச் சந்தை என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது, வரைபடம் எல்லாம் போட்டு. அந்த ஊரின் வாடகைச் சந்தை முழுவதும் றோட்டுக்கரைக் குசினியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தது. மனேஜர் அண்ணை மடித்த விரல்களை விரித்துவிட்டு நிரோஜனைப் பார்த்து, எழுதும் தம்பி என்று ஒரு தொகை சொன்னார். றோட்டுக்கரை வீட்டுக்கு அதுதான் கிடைக்கும், தானிருக்கிற பழைய வீட்டுக்கு அதிலும் குறையத்தான் என்றார். எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். திரையில் அடித்தால் சிவக்காது, அவ்வளவுதான். வேலிக்கு மேலால் அந்தத் தொகையைக் கேட்ட அயலவர்கள் சிரித்துவிட்டு, ஒவ்வொருவராகத் தங்கள் தொகையையும் சரியாகச் சொன்னார்கள். ஒரே பின்னேரத்தில் முழு ஊரும் திருந்தியது.

சரோஜாவுக்குத் தானே சொல்கிறேன் என்று மனேஜர் அண்ணை சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். நல்ல காரியம் செய்யப் போகிற நடை. நாங்களும் பின்னால் போனோம். சரோஜா பாத்திரங்களைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். இடியப்பத் தட்டுகள் மூலையில் அடுக்கிக் கிடந்தன.

"பிள்ளை சரோஜா, ஒண்டையும் கட்டவேண்டாம். நீ இரு," என்றார் மனேஜர் அண்ணை. "ஆரார் வருவினமெண்டு எண்ணிப் பாத்திட்டன். உன்னை விட்டால் இந்த வீட்டுக்கு ஒரு சனம் இல்லை."

சரோஜா சாக்கின் மேலேயே இருந்துவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நிரோஜன் வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சரோஜா மூக்கைத் துடைத்தார், சாக்கின் முடிச்சை அவிழ்த்தார், பாதியில் கையை நிறுத்தித் தலையை உயர்த்தினார்.

"வேற ஒருத்தருமே வரமாட்டாங்களா, ஐயா?"

"ஒருத்தரும் வராயினம்," என்றார் அவர் பெருந்தன்மையோடு.

"அப்ப வாடகையக் கொஞ்சம் கொறைங்க."

மனேஜர் அண்ணை என்னைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தூசியைத் துடைத்தேன். நிரோஜன் அவசரமாகப் படிவத்தை எடுத்து, எழுதிய தொகையை வெட்டப் பேனையைத் திறந்தார்.

"பொறும் தம்பி," என்றேன். "ரெண்டு பேரும் கதைச்சு முடிக்கட்டும்."